மால்டாவின் கோசோ தீவில் வழிகாட்டியுடன் குவாட் பைக் பயணம்: பைக் ஓட்டிப் பழகியவருக்கு எளிதா?

எளிதுதான். ஆனால் பைக் பழக்கமே முதலில் இடைஞ்சல் செய்யும். நான்கு சக்கர வண்டியான குவாட் பைக் வளைவில் சாயாது. ஹேண்டிலைத் திருப்பி, உடலை மட்டும் வளைவின் உட்பக்கம் சாய்க்க வேண்டும். ஆக்சிலரேட்டர் முறுக்குவது அல்ல, வலது கட்டைவிரலால் அழுத்துவது. பின்னால் ஒருவர் உட்கார்ந்தால் அவரும் சேர்ந்து சாய வேண்டும், இல்லையென்றால் வண்டி முரண்டு பிடிக்கும்.

கேட்பது கார் உரிமம். இந்திய உரிமத்தை ஏற்பார்களா என்று முன்பதிவுக்கு முன்பே கேளுங்கள். 1964 வரை பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த நாடு என்பதால் அங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள், நமக்கு அது பெரிய நிம்மதி.

மால்டாவின் முதன்மைத் தீவிலுள்ள சிர்கேவா துறையிலிருந்து கோசோவுக்குப் படகில் சுமார் 25 நிமிடம். வழிகாட்டி முன்னே செல்ல, மற்றவர்கள் வரிசையாகத் தொடர்வார்கள். ஷ்வெய்னி கடற்கரைப் பாறையில் வெட்டிய உப்புப் பாத்திகள், செம்மணல் நிறைந்த ரம்லா கடற்கரை இரண்டும் அருமை. துவேய்ராவில் 'நீலச் சாளரம்' என்ற பாறை வளைவைத் தேடாதீர்கள். 2017 மார்ச் 8 அன்று புயலில் இடிந்து கடலில் விழுந்துவிட்டது. பழைய படத்தை இன்னும் விளம்பரத்தில் போடுகிறவர்கள் உண்டு!

சுண்ணாம்புக்கல் தூசி வெள்ளையாக அப்பும். கறுப்பு உடை வேண்டாம், செருப்பும் வேண்டாம். வெயில் கொளுத்தும் ஜூலை, ஆகஸ்ட்டைத் தவிர்த்து ஏப்ரல், மே மாதங்களில் போவதே என் சிபாரிசு.