பற்று நோட்டிலிருந்து தொடங்கட்டும், அக்கா

அன்புள்ள அக்கா,

போன ஞாயிறு ரங்கூன் காளி கோயில் வாசலில் நீங்கள் கேட்டதற்கு நின்றபடியே பதில் சொல்லி முடிக்க முடியவில்லை. "தம்பி வெப் டெவலப்மென்ட் படிக்கணும்னு ஒத்தைக் கால்ல நிக்கிறான். புது லேப்டாப் வேணுமாம், கிளாஸுக்கும் பணம் கட்டணுமாம். கட்டலாமா?" என்று உங்கள் மகனைப் பற்றிக் கேட்டீர்கள். இப்போதைக்கு இரண்டுக்கும் கட்ட வேண்டாம்.

நீங்கள் காட்டிய பாடத்திட்டத்தைப் படித்தேன். மேலே ஏ.எஸ்.பி. டாட்நெட் என்று போட்டிருக்கிறது. வெப் பக்கங்கள் செய்ய மைக்ரோசாஃப்ட் தரும் ஃபிரேம்வொர்க், அதாவது ஆயத்த அடித்தளம், அது. உள்ளே பாதிக்கு மேல் 'வெப் ஃபார்ம்ஸ்'. அது விண்டோஸில் மட்டும் ஓடும் பழைய முறை. மைக்ரோசாஃப்ட் 2016 ஜூனில் 'ஏ.எஸ்.பி. டாட்நெட் கோர்' என்று புதிதாக எழுதி வெளியிட்டது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், இலவசம், வெப் ஃபார்ம்ஸ் இதில் கிடையாது. பெயர் ஒன்றுபோல இருப்பதால் பிள்ளைகள் பழைய வீடியோவைப் பார்த்துவிட்டு, புதிய புராஜெக்டில் அந்தப் பொத்தான் எங்கே, இந்தக் கோப்பு எங்கே என்று தேடிக் களைத்துப்போகிறார்கள். தங்களுக்கு மூளை இல்லை என்றுகூட நினைத்துக்கொள்கிறார்கள். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. எந்தப் பாடம் எடுத்தாலும் 'கோர்' என்ற சொல்லும் பதிப்பு எண்ணும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். டாட்நெட் 8-க்கான ஆதரவு 2026 நவம்பரில் முடிகிறது. தம்பி 10-இல் தொடங்கட்டும்.

லேப்டாப் விஷயம். வீட்டில் இருப்பது 64-பிட் என்றால், பழசானாலும் லினக்ஸ் போட்டுக்கொண்டு தொடங்கலாம். எழுதுவதற்கு விஷுவல் ஸ்டுடியோ கோட் போதும், அதற்கும் காசு இல்லை. டாட்நெட் எஸ்.டி.கே. என்ற கருவித் தொகுப்பை நெட் நன்றாக வரும் நேரத்தில் ஒருமுறை இறக்கிவிட்டால், அப்புறம் ஆரம்பப் பாடங்களுக்கு நெட்டே தேவையில்லை. கரண்ட் முறை வைத்து வருகிற நம் ஊருக்கு இது பெரிய வசதி. பேட்டரி நிற்கும்வரை வேலை நடக்கும். தகவலைச் சேமித்துவைக்கும் டேட்டாபேஸுக்கான கூடுதல் தொகுப்புகளை இறக்கத்தான் மறுபடி நெட் வேண்டும்.

முதல் நாள் டெர்மினலில், அதாவது கட்டளை அடிக்கும் திரையில், 'டாட்நெட் நியூ வெப்' என்று அடிக்கட்டும், அப்புறம் 'டாட்நெட் ரன்'. கிடைக்கும் முக்கியக் கோப்பில் நாலே வரி நிரல்தான். அதில் இருக்கும் 'ஹலோ வேர்ல்ட்'டை அழித்து 'வணக்கம்' என்று எழுதினால் பிரௌசரில் வணக்கம் வரும். அந்த நாலு வரியும் என்ன செய்கிறது என்று உங்களுக்குச் சொல்லிப் புரியவைக்கச் சொல்லுங்கள். அது முடிகிறவரை அடுத்த பாடம் வேண்டாம். அடுத்த இரண்டு மாதம் இதில் நிரல் எழுதும் சி ஷார்ப் மொழிதான். மொழி வராமல் ஃபிரேம்வொர்க்கைப் பிடித்தால் மனப்பாடம்தான் மிஞ்சும்.

அப்புறம் உங்கள் தோசைக்கடைப் பற்று நோட்டு. யார் எவ்வளவு பாக்கி, எந்தத் தேதி, எவ்வளவு கொடுத்தார் என்பதையே அவன் வெப் பக்கமாகச் செய்யட்டும். எஸ்.க்யூ.லைட் என்ற டேட்டாபேஸ் என்றால் முழு டேட்டாபேஸும் ஒரே கோப்புக்குள் அடங்கும்.

இங்கே ஒரு இடத்தில் அவன் பயந்துபோவான், இப்போதே சொல்லிவைக்கிறேன். நோட்டிலிருந்து எடுத்த 'முருகன்' என்ற பெயர் ரேஸர் பக்கத்தில் (டாட்நெட் கோரில் வெப் பக்கம் எழுதும் முறை அது) ஒழுங்காகத் தெரியும். ஆனால் பக்கத்தின் மூலத்தைத் திறந்தால் தமிழ் எழுத்தே இருக்காது, எண்ணும் குறியுமாக இருக்கும். எதுவும் கெட்டுப்போகவில்லை. பாதுகாப்புக்காக, லத்தீன் அல்லாத எழுத்துகளை அந்த ஃபிரேம்வொர்க் இயல்பாகவே குறியீடாக மாற்றி அனுப்புகிறது. தமிழ், மியன்மா எழுத்து வரம்புகளை அனுமதிக்கும்படி அமைப்பில் ஒரு வரி சேர்த்தால் எழுத்து எழுத்தாகவே போகும். பர்மியப் பெயர்களை, எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துமுறையான யூனிகோடில் மட்டும் அடிக்கச் சொல்லுங்கள். மியன்மா நாடு 2019 அக்டோபர் 1 அன்று யூனிகோடுக்கு மாறியது. பழைய ஜாஜி எழுத்துருவில் அடித்த பெயர் கலந்தால் தேடும்போது அகப்படாது.

வேலை கிடைக்குமா என்று கேட்டீர்கள். உறுதி சொல்ல மாட்டேன், சொல்கிறவரை நம்பவும் வேண்டாம். ஆனால் நேர்முகத்தில் சான்றிதழை நீட்டுகிற பையனைவிட, "எங்க அம்மா தினமும் இதிலதான் கணக்குப் பார்க்கிறாங்க" என்று திறந்து காட்டுகிற பையனிடம்தான் நான் கூடுதல் கேள்வி கேட்பேன். கணினிப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தால் சேரட்டும். இந்த வேலை அதற்குக் குறுக்கே வராது.

வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் அவனை அனுப்புங்கள். பழைய லேப்டாப்பை முழுசாக சார்ஜ் போட்டு எடுத்து வரட்டும். பற்று நோட்டையும் மறக்க வேண்டாம்.