உங்கள் கைகளை யார் பார்த்தார்கள்?

கேள்வி: குழந்தைகள் காப்பகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். எங்கள் நிர்வாகம் எல்லோரையும் முதலுதவிச் சான்றிதழ் வாங்கி வரச் சொல்லியிருக்கிறது. இணையத்தில் தேடினால் ஏராளமான பயிற்சிகள் வருகின்றன. ஒன்றில் ‘ஒரே மணி நேரத்தில் சான்றிதழ், உலகம் முழுவதும் அங்கீகாரம், ஆயுள் முழுவதும் செல்லுபடி’ என்று போட்டிருக்கிறார்கள். என்னோடு வேலை பார்க்கும் தோழி அதையே முடித்து, சான்றிதழும் வாங்கிவிட்டாள். நானும் பணம் கட்டப் போனேன். ஏதோ உறுத்தியதால் நிறுத்திவிட்டேன். இப்படிப்பட்ட பயிற்சிகளை நம்பலாமா? எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரிக்கு,

பணம் கட்டும் முன் நிறுத்தினீர்களே, நல்ல காரியம் செய்தீர்கள். அந்த விளம்பரத்தின் மூன்று வாக்குறுதிகளில் ஒன்றுகூடத் தேறாது. அதற்காக ஆன்லைன் பயிற்சி என்றாலே ஏமாற்று என்று ஒதுக்கிவிடவும் வேண்டாம்.

முதலுதவியில் தலையால் கற்பது ஒரு பாதி, கையால் கற்பது இன்னொரு பாதி. எந்த நேரத்தில் ஆம்புலன்ஸை அழைப்பது, மயங்கிக் கிடப்பவரிடம் முதலில் எதைக் கவனிப்பது, தீக்காயத்துக்கு எதைப் போடக்கூடாது என்பதெல்லாம் தலைக்கானவை. இவற்றை வீட்டில் உட்கார்ந்து வீடியோவிலேயே நன்றாகக் கற்கலாம். புரியாத இடத்தை நிறுத்தி மறுபடியும் பார்க்கலாம் என்பதால் சிலருக்கு வகுப்பறையைவிட இதுவே வசதி. ஆனால் நெஞ்சை அழுத்துவது, மூச்சு ஊதுவது, தொண்டையில் எதையாவது சிக்கவைத்துக்கொண்ட கைக்குழந்தையைக் கவிழ்த்துப் பிடிப்பது, இவையெல்லாம் கைப்பழக்கம். அதனால் எந்தப் பயிற்சியைப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் கேட்பது இதுதான்: நீங்கள் செய்வதை யாராவது கண்ணால் பார்த்துத் திருத்துவார்களா?

நான் முதலுதவி வகுப்பு எடுக்கிறவள். வீடியோவை முழுக்கப் பார்த்து, ஆன்லைன் தேர்விலும் நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள் பயிற்சிக்கான மனித உருவப் பொம்மைக்கு முன்னால் மண்டியிடுவதை அடிக்கடி பார்க்கிறேன். நிமிடத்துக்கு எத்தனை தடவை அழுத்த வேண்டும் என்று கேட்டால், 100 முதல் 120 என்று டக்கென்று பதில் வரும். பெரியவர்களுக்கு எவ்வளவு ஆழம்? 5 சென்டிமீட்டருக்குக் குறையாமல், 6-ஐத் தாண்டாமல். எல்லாம் சரி. சரி, அழுத்துங்கள் என்றால் முழங்கை மடங்கும். தோள் நெஞ்சுக்கு நேர் மேலே வராமல் பின்னாலேயே நிற்கும். தேவையான ஆழத்தைத் தொட்டால் ‘க்ளிக்’ என்று சத்தம் தரும் பொம்மை வாயே திறக்காது. எலும்பு உடைந்துவிடுமோ என்ற பயத்தில் பெரும்பாலானவர்கள் தொட்டும் தொடாமலும்தான் அழுத்துகிறார்கள். முதுகில் கைவைத்து முன்னே சாய்த்து, ‘கையை மடக்காதீர்கள், உடம்பின் எடையை இறக்குங்கள்’ என்று சொன்ன பிறகுதான் அந்த க்ளிக் கேட்கும். ‘இவ்வளவு பலமாகவா?’ என்று திகைத்துப்போய்க் கேட்பார்கள். ஆமாம், இவ்வளவு பலமாகத்தான்.

அதோடு முடியவில்லை. ஒவ்வொரு அழுத்தலுக்குப் பிறகும் நெஞ்சுக்கூடு முழுதாக மேலே எழும்ப வேண்டும். அப்போதுதான் இதயத்தில் மறுபடியும் ரத்தம் நிரம்பும். பலர் அதற்கு இடம் கொடுக்காமல் நெஞ்சின்மேல் சாய்ந்தபடியே இருப்பார்கள். இரண்டு நிமிடம் போனால் மூச்சு வாங்கும், ஆழம் குறையும். குறைவது அழுத்துகிறவருக்கே தெரியாது. அதனால்தான் ஏறக்குறைய இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறச் சொல்கிறோம். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வித்தாள் இதில் எதையும் கண்டுபிடிக்காது.

பெயர்பெற்ற அமைப்புகள் இதை எப்படிச் சமாளிக்கின்றன என்று பாருங்கள். நெஞ்சை அழுத்தி, மூச்சு ஊதி உயிர் மீட்கும் முறைக்கு சிபிஆர் என்று பெயர். அமெரிக்க இதயச் சங்கத்தின் சிபிஆர் பயிற்சியில் பாடத்தை ஆன்லைனில் முடிக்கலாம். ஆனால் பொம்மையில் செய்துகாட்டித் தேறினால்தான் சான்று அட்டை. ஆன்லைனிலேயே முழுதாக முடிகிற சிபிஆர் சான்றிதழை அவர்கள் தருவதே இல்லை. செஞ்சிலுவைச் சங்கங்களும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸும் இப்படிப் பாதி ஆன்லைன், பாதி நேரடி என்று வகுப்பு நடத்துகின்றன. தேடும்போது ‘செயல்முறை வகுப்பு உண்டா, எங்கே, எவ்வளவு நேரம், ஒரு பொம்மைக்கு எத்தனை பேர்’ என்று நேரடியாகக் கேளுங்கள். நல்ல இடத்தில் தயங்காமல் பதில் சொல்வார்கள்.

இப்போது அந்த விளம்பர வாசகங்களுக்கு வருவோம். ‘உலகம் முழுவதும் அங்கீகாரம்’ என்று எழுதுவது எளிது. முதலுதவிச் சான்றிதழை எல்லா நாடுகளுக்கும் சேர்த்து அங்கீகரிக்கிற அமைப்பு என்று ஒன்று உலகத்தில் கிடையாது. 1992-இல் உருவான ஐஎல்கோர் என்கிற சர்வதேச உயிர்மீட்புக் கூட்டமைப்பு இருக்கிறது. ஆய்வுகளை அலசி எந்த முறை நல்லது என்று பரிந்துரைப்பது அதன் வேலை. யாருக்கும் சான்றிதழ் கொடுப்பதில்லை. ஒரு சான்றிதழ் செல்லுமா செல்லாதா என்பது, அதைக் கேட்கிற நிர்வாகமும் அந்த நிர்வாகத்துக்கு உரிமம் வழங்கும் துறையும் என்ன சொல்கின்றன என்பதைப் பொறுத்தது.

இதே வகையில் இன்னொரு வாசகம், ‘அமெரிக்க இதயச் சங்கத்தின் வழிகாட்டுதல்படி’. வழிகாட்டுதல் எல்லோரும் படிக்கக் கிடைப்பது. அதைப் படித்துவிட்டு யார் வேண்டுமானாலும் அப்படி எழுதிக்கொள்ளலாம். அந்தச் சங்கம் அந்த நிறுவனத்தைப் பார்த்து ஒப்புக்கொண்டது என்று பொருளில்லை. ‘ஓஷா ஒப்புதல் பெற்றது’ என்று போட்டிருந்தால் இன்னும் மோசம். அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்புத் துறையான ஓஷா எந்த முதலுதவிப் பயிற்சிக்கும் ஒப்புதல் தருவதில்லை. ஆக, அந்த வரியே பொய். இணையதளத்தின் முகப்பில் பெரிய செஞ்சிலுவைச் சின்னம் இருந்து, அது செஞ்சிலுவைச் சங்கத்தின் தளமாக இல்லாவிட்டால் அப்போதும் ஜாக்கிரதை. அந்தச் சின்னம் ஜெனீவா ஒப்பந்தங்களின்படி பாதுகாக்கப்பட்டது. கண்டவர்கள் வியாபாரத்துக்கு எடுத்துக்கொள்ள முடியாது. முதலுதவிக்கான சர்வதேச அடையாளம் பச்சைப் பின்னணியில் வெள்ளைச் சிலுவை. இந்தத் துறையில் சான்றிதழ் கொடுக்கிறவர்களுக்கு இது தெரியாமல் இருக்கக்கூடாது.

‘ஆயுள் முழுவதும் செல்லுபடி’ என்பதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. கையால் பழகியது சில மாதங்களிலேயே மங்க ஆரம்பிக்கிறது என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. அமெரிக்க இதயச் சங்கத்தின் அட்டைக்கு ஆயுள் 2 ஆண்டு. பிரிட்டனில் பணியிட முதலுதவிச் சான்றிதழுக்கு 3 ஆண்டு. இடையில் ஆண்டுக்கு ஒருமுறை நினைவூட்டல் பயிற்சி எடுக்கச் சொல்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் சிபிஆரை ஆண்டுதோறும் புதுப்பிக்கச் சொல்கிறார்கள். முறைகளும் மாறிக்கொண்டே இருக்கின்றன.

உங்களுக்கு இது நேரடியாகச் சம்பந்தப்பட்ட விஷயம். கைக்குழந்தையின் நெஞ்சை இரண்டு விரல்நுனிகளால் அழுத்துவதுதான் வெகுகாலம் சொல்லித்தரப்பட்டது. அப்படி அழுத்தினால் தேவையான ஆழம் கிடைப்பதில்லை என்று, 2025-இல் வந்த அமெரிக்க வழிகாட்டுதலில் அந்த முறையைக் கைவிட்டுவிட்டார்கள். இப்போது குழந்தையின் மார்பைச் சுற்றிப் பிடித்து இரண்டு கட்டைவிரல்களால் அழுத்தச் சொல்கிறார்கள், அல்லது ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியால். நீங்கள் பார்க்கும் பயிற்சியின் வீடியோ இன்னும் இரண்டு விரல்களையே காட்டினால், அதைப் புதுப்பித்து நாளாகிவிட்டது என்று அர்த்தம். பாடம் எந்த ஆண்டு வழிகாட்டுதலை ஒட்டியது என்று எழுதியிருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

காப்பகத்தில் வேலை செய்வதால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். விலை மலிவான பயிற்சிகள் பலவற்றில் பெரியவர்களுக்கான சிபிஆர் மட்டும்தான் இருக்கும். அதிலும் சிலவற்றில் மூச்சு ஊதும் பகுதியே இருக்காது. பெரியவர்களுக்குத் திடீரென இதயம் நிற்பது பெரும்பாலும் இதயக் கோளாறால். குழந்தைகளுக்குப் பெரும்பாலும் மூச்சு தடைபட்டு, அதன் பிறகுதான் இதயம் நிற்கும். அதனால் குழந்தைக்கு ஊதுவதும் சேர்ந்தே வேண்டும். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தொண்டையில் ஏதாவது சிக்கி, அழவோ இருமவோ முடியாமல் போனால், முன்கையில் தலை தாழக் கவிழ்த்து முதுகில் 5 தட்டு, திருப்பிப் போட்டு நெஞ்சில் 5 அழுத்தல். வயிற்றை அழுத்தவே கூடாது. இவற்றைக் குழந்தைப் பொம்மையில் செய்துபார்க்க விடாத பயிற்சி உங்களுக்கு எந்த விதத்திலும் போதாது.

பாடத்தின் தரத்தை நீங்களே உரசிப் பார்க்கச் சில இடங்கள் உண்டு. தீக்காயத்தை ஓடும் குளிர்ந்த நீரில் குறைந்தது 10 நிமிடம், முடிந்தால் 20 நிமிடம் காட்டச் சொல்ல வேண்டும். ஐஸ், வெண்ணெய், பற்பசை எதுவும் கூடாது. மூக்கில் ரத்தம் வந்தால் முன்னே குனிந்து மூக்கின் மென்மையான பகுதியைப் பிடிக்கச் சொல்ல வேண்டும். தலையை அண்ணாத்தச் சொன்னால் பாடம் தப்பு. வலிப்பு வந்தவர் வாயில் எதையாவது திணிக்கச் சொன்னாலும், விஷம் குடித்தவரை வாந்தி எடுக்க வைக்கச் சொன்னாலும் அந்தப் பக்கத்தை அப்போதே மூடிவிடுங்கள். சில வித்தியாசங்களைக் கண்டு மட்டும் சந்தேகப்பட வேண்டாம். ஐரோப்பிய முறையில் குழந்தைக்கு முதலில் 5 முறை ஊதிவிட்டு அழுத்தத் தொடங்குவார்கள். அமெரிக்க முறையில் அழுத்துவதில் தொடங்குவார்கள். இரண்டும் முறையானவைதான். உங்கள் ஊரில் எது நடைமுறையோ அதைக் கற்றுக்கொள்ளுங்கள்.

இப்படிப்பட்ட பல தளங்களில் தேர்வை இலவசமாக எழுதவிட்டு, சான்றிதழுக்கு மட்டும் காசு கேட்பார்கள். அப்படி இருந்தால் ஒரு வேலை செய்யுங்கள். பாடத்தைத் திறக்காமல் நேரே தேர்வுக்குப் போய், வேண்டுமென்றே தப்பான விடைகளாகக் கொடுங்கள். தேர்ச்சி என்று வந்தால் விஷயம் முடிந்தது. தோல்வி என்று சொல்லிவிட்டு, உடனே அதே கேள்விகளைச் சரியான விடைகளோடு நீட்டி, எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதலாம் என்றாலும் அதே முடிவுதான். அங்கே விற்பது காகிதம்.

சான்றிதழில் ஒரு எண்ணோ கியூஆர் குறியீடோ இருந்து, அதை வைத்து உங்கள் நிர்வாகம் நேரே சரிபார்க்க முடிய வேண்டும். ஆனால் கொடுத்தவர் யார் என்று தெரியாதபோது அவர் தளத்திலேயே ‘இது உண்மையான சான்றிதழ்’ என்று பச்சை எழுத்தில் வருவதில் என்ன பிரயோஜனம்? பயிற்றுநர்களின் பெயர், தகுதி, நிறுவனத்தின் முகவரி, பேசினால் எடுக்கிற தொலைபேசி எண் எல்லாம் இருக்கிறதா பாருங்கள்.

செயல்முறை வகுப்பு பக்கத்தில் எங்குமே இல்லையென்றால் என்ன செய்வது? பொம்மையை வீட்டுக்கே அனுப்பிவைத்து, பயிற்றுநர் வீடியோ அழைப்பில் நேரலையாகப் பார்த்துத் திருத்தும் வகுப்புகள் இருக்கின்றன. அழுத்தும் ஆழத்தையும் வேகத்தையும் தானே அளந்து சொல்லும் பொம்மைகளும் வந்துவிட்டன. என் கணக்கில் இவை நேரடி வகுப்புக்கு அடுத்த நல்ல வழி. ஆனால் உங்கள் நிர்வாகம் ஏற்குமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

உண்மையில் இந்தக் கேள்வியைத்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்டிருக்க வேண்டும். எந்த அமைப்புகளின் சான்றிதழை ஏற்பீர்கள், குழந்தைகளுக்கான சிபிஆர் அதில் இருக்க வேண்டுமா, நேரடிப் பயிற்சி கட்டாயமா, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்று நிர்வாகத்திடம் எழுத்தில் பதில் வாங்குங்கள். ‘ஏதோ ஒன்று கொண்டு வாருங்கள், கோப்பில் வைக்கணும்’ என்று அவர்கள் சொன்னால், காப்பகத்துக்கே ஒரு பயிற்றுநரை வரவழைத்து எல்லோருக்கும் சேர்த்து வகுப்பு வைக்கலாமே என்று கேட்டுப் பாருங்கள். பல பயிற்சி அமைப்புகள் பொம்மைகளோடு வேலையிடத்துக்கே வந்து நடத்துகின்றன. குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற பெற்றோர், உங்களில் யாருக்காவது அந்த நேரத்தில் கை ஓடும் என்று நம்பித்தான் போகிறார்கள். அந்த நம்பிக்கைக்குக் கோப்பில் இருக்கும் காகிதம் ஈடாகாது.

உங்கள் தோழியின் மனதை நோகடிக்க வேண்டாம். அவர் பார்த்த வீடியோக்களில் உருப்படியானவை இருந்திருக்கலாம். படித்தது வீண் போகாது. ‘நான் செயல்முறை வகுப்புக்குப் போகிறேன், நீயும் வாயேன், கைக்குழந்தைப் பொம்மையில் பழகிக்கொண்டு வரலாம்’ என்று கூப்பிடுங்கள், அது போதும். அதுவரைக்கும் சான்றிதழ் இல்லையே என்று யாரும் ஒதுங்கி நிற்காதீர்கள். கண்ணெதிரே ஒருவர் விழுந்து, அசைவும் இல்லாமல் சாதாரணமாக மூச்சும் விடாமல் கிடந்தால், அவசர எண்ணை அழைத்து ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நெஞ்சின் நடுவில் அழுத்தத் தொடங்குங்கள். பல இடங்களில் மறுமுனையில் இருப்பவரே என்ன செய்வது என்று சொல்லிக்கொடுப்பார்.