நாடாளுமன்றத்தில் பெண்கள் – கடிதம்

அன்புள்ள சார்,

மகளிர் இட ஒதுக்கீடு பற்றி எழுதியிருந்தீர்கள். அரசியலமைப்புச் சட்டத்தை எழுதிய அரசியல் நிர்ணய சபையில் இருந்த பெண்களே ஒதுக்கீடு வேண்டாம் என்றுதானே சொன்னார்கள்? முதல் தேர்தலிலேயே பெண்களுக்கு ஓட்டுரிமையும் இருந்தது. தகுதியுள்ளவர்கள் தானாக ஜெயித்து வர மாட்டார்களா?

ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

அவர்கள் அப்படிச் சொன்னது உண்மைதான். 1946 டிசம்பரில் சபை உறுப்பினர் ஹன்சா மேத்தா, தங்கள் பெண்கள் அமைப்பு ஒதுக்கீட்டு இடங்களை ஒருபோதும் கேட்டதில்லை, சமூக, பொருளாதார, அரசியல் நீதியைத்தான் கேட்கிறது என்று பேசினார். ரேணுகா ராயும் ஒதுக்கீட்டை ஏற்கவில்லை. சபையில் இருந்த பெண்கள் 15 பேர். சென்னை மாகாணத்திலிருந்து அம்மு சுவாமிநாதன், துர்காபாய், தாட்சாயணி வேலாயுதன். துர்காபாய் உப்புச் சத்தியாகிரகத்தில் சிறை போனவர். இவ்வளவு போராடி வந்தவர்கள், சுதந்திர நாட்டில் சமத்துவம் தானாக வந்துவிடும் என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன். ஆனால் அதற்குப் பிறகு என்ன நடந்தது என்றும் பார்க்க வேண்டும்.

முதல் தேர்தலுக்கு வாக்காளர் பட்டியல் எடுக்கப் போனபோது, வட மாநிலங்களில் ஏராளமான பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. இன்னாருடைய மனைவி, இன்னாருடைய அம்மா என்றே எழுதச் சொன்னார்கள். பெயர் இல்லாமல் பதிய முடியாது என்று தேர்தல் ஆணையம் உறுதியாக நின்றது. கிட்டத்தட்ட 28 லட்சம் பெண்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். நீங்கள் சொல்லும் ஓட்டுரிமை சட்டத்தில் இருந்தது. அது அவர்கள் கைக்கு வந்து சேரவில்லை.

அந்தத் தேர்தலில் திண்டுக்கல்லில் அம்மு சுவாமிநாதனும் திருவள்ளூரில் மரகதம் சந்திரசேகரும் ஜெயித்தார்கள். ஆனால் மக்களவையில் பெண்கள் மொத்தமாக 5 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. 2024இல் 543 பேரில் 74 பேர், 14 சதவீதத்துக்கும் கீழே. எழுபது வருடத்தில் ஏறியது இவ்வளவுதான்.

தகுதி இல்லாததாலா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. விஷயம் கட்சிகள் வேட்பாளர்களுக்குக் கொடுக்கும் சீட்டில் இருக்கிறது. 2024இல் களத்தில் நின்றவர்களில் பெண்கள் பத்தில் ஒருவர்தான். நிற்கவே விடாமல் ஜெயித்து வா என்றால் எப்படி? ஒடிசாவில் 2019இல் பிஜு ஜனதா தளம் 21 தொகுதிகளில் 7ஐப் பெண்களுக்குக் கொடுத்தது. ஐந்து பேர் ஜெயித்தார்கள். அவர்களில் ஒருவர் அஸ்காவின் பிரமிளா பிசோயி, மகளிர் சுயஉதவிக் குழு நடத்தியவர், பள்ளிப் படிப்பு சில வகுப்புகள்தான். நம் ஊரிலும் நாம் தமிழர் கட்சி அந்தத் தேர்தலில் 40இல் 20 இடங்களைப் பெண்களுக்குக் கொடுத்தது. அவர்கள் ஜெயிக்கவில்லை, கட்சியின் ஆண் வேட்பாளர்களும் ஜெயிக்கவில்லை. ஜெயிக்கிற நிலையில் இருக்கும் பெரிய கட்சிகள் கொடுப்பதில்தான் சிக்கல்.

மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் மூன்றில் ஒரு பங்கு இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கும் மசோதாவையும் அந்தக் கட்சிகள்தான் இழுத்தடித்தன. 1996 செப்டம்பரில் தேவகவுடா அரசு கொண்டுவந்தது. கீதா முகர்ஜி தலைமையிலான கூட்டுக்குழு சில மாதங்களிலேயே அறிக்கை கொடுத்தது, இருந்தும் கிடப்பில் போனது. 1998 ஜூலையில் சட்ட அமைச்சர் தம்பிதுரை மறுபடி தாக்கல் செய்ய எழுந்தபோது, ராஷ்ட்ரீய ஜனதா தள உறுப்பினர் ஒருவர் மசோதாவின் பிரதியைப் பிடுங்கி அவையிலேயே கிழித்துப் போட்டார். 2010இல் மாநிலங்களவை நிறைவேற்றியது, மக்களவை அதை எடுத்துக்கொள்ளவே இல்லை. 2023 செப்டம்பரில் 454 பேர் ஆதரிக்க, இரண்டே பேர் எதிர்க்க மக்களவையில் நிறைவேறியது. அப்போதும், அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகே அமலுக்கு வரும் என்று சட்டத்துக்குள்ளேயே எழுதி வைத்தார்கள்.

ஏழு மாதம் கழித்து 2024 தேர்தல் வந்தது. ஆதரித்து ஓட்டுப் போட்ட கட்சிகள் தாங்களாகவே மூன்றில் ஒரு சீட்டைப் பெண்களுக்குக் கொடுத்திருக்கலாம், எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. பெரும்பாலான கட்சிகள் கொடுக்கவில்லை. அடுத்த முறை உங்கள் பகுதியில் ஓட்டுக் கேட்டு வருபவர்களிடம் இதைக் கேளுங்கள்.