வாசகர் கேள்வி – பதில்: ‘எதுவரைக்கும்?’ என்று கேட்பதும் ஜெபம்தான்

கேள்வி: பக்கத்து ஊரில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் இறந்தவர்களுக்காக இந்த ஞாயிறு ஆராதனையில் ஜெபிக்கும்படி எங்கள் தமிழ்ச் சபையின் போதகர் கேட்டிருக்கிறார். எழுதி வைத்து வாசிக்கலாமா? எதைச் சொல்வது, எதை விடுவது?
– ஒரு வாசகி, டெக்சஸ், அமெரிக்கா

பதில்: எழுதியே வாசியுங்கள். மனதில் வந்ததைச் சொல்லப் போனால் நாக்கு பழகிய தடத்தில்தான் ஓடும். நம் சபைகளில் அந்தத் தடம் ஸ்தோத்திரம். ‘கடந்த வாரம் முழுவதும் எங்களைக் கண்மணிபோல் காத்தீரே’ என்று வாய் தானாகத் தொடங்கிவிடும். பிள்ளையைப் பறிகொடுத்தவர் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தால், ‘என் பிள்ளையை மட்டும் ஏன் காக்கவில்லை?’ என்றுதான் அவருக்குக் கேட்கும். ‘தேவசித்தம்’, ‘பரலோகத் தோட்டத்துக்கு ஒரு பூ’ இரண்டையும் அறவே விடுங்கள்.

வடிவத்துக்கு 13ஆம் சங்கீதத்தை வைத்துக்கொள்ளுங்கள். ஆறே வசனம். முதல் இரண்டும் முறையீடு. அதற்குள் ‘எதுவரைக்கும்’ நான்கு தரம் வந்துவிடுகிறது. அடுத்த இரண்டு விண்ணப்பம். நம்பிக்கை பேசுவது கடைசி இரண்டில்தான். முதல் வரியிலேயே ஐந்தாம் வசனத்துக்குத் தாவிவிடுவது நாம் வழக்கமாகச் செய்யும் பிழை. சம்பவம் நடந்து ஒரு வாரம்கூட ஆகவில்லையென்றால் 88ஆம் சங்கீதமே பொருத்தம். அது இருட்டிலேயே முடிகிறது. வேதத்தைத் தொகுத்தவர்கள் அதை அப்படியே விட்டுவைத்தார்கள்.

விண்ணப்பத்தில் ஆட்களைச் சொல்லுங்கள்: அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருப்பவர், முதல் ஆம்புலன்ஸில் வந்தவர், உடலை அடையாளம் காட்டப் போன தகப்பன், அன்று லீவு போட்டதால் தப்பித்து இப்போது தூங்க முடியாமல் இருக்கும் ஆசிரியர், சுட்டவனின் தாய். ‘துக்கத்தில் இருக்கும் யாவரையும்’ என்று ஒரே மூட்டையாகக் கட்டினால் அது யாருக்கும் போய்ச் சேராது. 150 சொல்லுக்குள் நிறுத்துங்கள். நிதானமாக வாசித்தால் இரண்டு நிமிடம் வரும்.

கேள்வி: பெயர்களை வாசித்து மெழுகுவர்த்தி ஏற்றும் மாலைக் கூட்டம் நடத்த நினைக்கிறோம். ஆலயம் வாடகைக்கு எடுத்தது. எதில் கவனமாக இருக்க வேண்டும்?
– வாலிபர் சங்கத்தார், நியூ ஜெர்சி

பதில்: முதல் வேலையாக, எத்தனை பெயர் என்று முடிவு செய்யுங்கள். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்திலுள்ள சாண்டி ஹூக் பள்ளியில் 2012 டிசம்பர் 14 அன்று 20 பிள்ளைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்டார்கள். ஒரு வாரம் கழித்து, காலை 9.30க்குப் பல ஊர்களில் ஆலய மணி 26 முறை ஒலித்தது. வாஷிங்டன் தேசியப் பேராலயத்திலோ 28 முறை. வீட்டில் சுடப்பட்ட சுட்டவனின் தாயையும், தன்னையே சுட்டுக்கொண்ட அவனையும் சேர்த்த கணக்கு அது. இரண்டுக்கும் வேதத்தில் நியாயம் உண்டு. எங்கள் யோசனை: பெயர் வாசிக்கும்போது சுட்டவன் பெயர் வேண்டாம், அவன் குடும்பத்துக்கு ஜெபத்தில் தனியே ஒரு வரி இருக்கட்டும். எதுவானாலும் கூட்டத்துக்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள். மைக் முன்னால் வாக்குவாதம் வரக்கூடாது.

காவல்துறை அதிகாரபூர்வமாக வெளியிட்ட பட்டியலை மட்டும் எடுங்கள். வாட்ஸ்அப்பில் வருவது வேண்டாம். ஸ்பானிஷ், வியட்நாமியப் பெயர்களின் உச்சரிப்பை அந்த மொழிக்காரரிடம் கேட்டுத் தமிழில் எழுதி வைத்து, மூன்று முறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். பெயரைத் தடுமாறி வாசித்தால் அந்தக் குடும்பத்துக்கு அதுதான் நினைவில் நிற்கும். ஒருவரே வாசிக்கட்டும். பெயர், வயது, ஒரு மணி. ஒலி அடங்கும்வரை சுமார் 10 விநாடி. பிறகு அடுத்த பெயர். 26 பெயருக்கு ஆறு நிமிடம் போல் ஆகும். நடுவில் யாரும் ‘ஆமென், ஸ்தோத்திரம்’ சொல்ல வேண்டாம் என்று முதலிலேயே அறிவித்துவிடுங்கள், பழக்கதோஷத்தில் வந்துவிடும்.

பலரும் யோசிக்காதது ஒன்று உண்டு: விளக்கு. மெழுகுவர்த்தி எடுப்பாகத் தெரிய வேண்டுமென்று எல்லா விளக்கையும் அணைப்பார்கள். அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் துப்பாக்கிக்காரன் வந்தால் என்ன செய்வது என்று ஒத்திகை நடக்கிறது: கதவைப் பூட்டு, விளக்கை அணை, மூலையில் உட்கார், சத்தம் போடாதே. இருட்டும் மௌனமும் சேர்ந்தால் பிள்ளைக்கு அந்த மூலைதான் ஞாபகம் வரும். ஆகவே பாதி விளக்காவது எரியட்டும். ‘இப்போது ஒரு நிமிடம் அமைதி, பிறகு பாடுவோம்’ என்று எவ்வளவு நேரம் என்பதைச் சொல்லிவிடுங்கள். பலூன் வேண்டாம், வெடித்தால் தப்பி வந்தவர்கள் துள்ளி விழுவார்கள். அதே காரணத்துக்காகப் பேட்டரி மெழுகுவர்த்தியே நல்லது; புகைக்குத் தீ அலாரம் அலறினால் கூட்டம் அங்கேயே முடிந்துவிடும்.

கேள்வி: அமெரிக்காவில் பழைய எளிய வாழ்க்கை முறையைக் கைக்கொள்ளும் ஆமிஷ் கிறிஸ்தவர்கள், தங்கள் பிள்ளைகளைச் சுட்டவனை உடனே மன்னித்தார்களே, நாமும் மன்னிப்பைத்தானே பிரசங்கிக்க வேண்டும்?
– ஒரு மூப்பர், திருநெல்வேலி

பதில்: பென்சில்வேனியாவின் நிக்கல் மைன்ஸில் ஓர் ஆமிஷ் பள்ளியில் 2006 அக்டோபர் 2 அன்று பத்துச் சிறுமிகள் சுடப்பட்டு ஐவர் இறந்தார்கள். ஆமிஷ் மக்கள் சுட்டவனின் மனைவி வீட்டுக்கு ஆறுதல் சொல்லப் போனார்கள், அவன் அடக்கத்துக்கும் போய் நின்றார்கள். உண்மைதான். ஆனால் அங்கே மன்னித்தது இழந்தவர்கள். மற்றவர்கள் அவர்களுக்கு அதைப் பிரசங்கிக்கவில்லை.

தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் 2015 ஜூன் 17 அன்று இம்மானுவேல் ஆலயத்தின் புதன்கிழமை வேதபாடத்தில் ஒன்பது பேர் கொல்லப்பட்டார்கள். இரண்டே நாளில் நீதிமன்றத்தில் உறவினர் சிலர் ‘மன்னிக்கிறேன்’ என்றார்கள். அதில் ஒரு தாயை இழந்த மகள்களில் ஒருத்தி அன்றே மன்னித்தாள். இன்னொருத்தி, தானே மருத்துவமனையில் ஆறுதல் ஊழியம் செய்தவள், அந்த இடத்துக்கு வர ஆண்டுகள் ஆயின. இருவரும் விசுவாசிகள். யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் வாய் திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தவரை சரியாகத்தான் இருந்தார்கள், ஐயா. பேசத் தொடங்கிய பிறகுதான் கெட்டது.

கேள்வி: துப்பாக்கியால் தற்கொலை செய்துகொண்டவரையும் இந்த ஜெபத்தில் சேர்க்கலாமா?
– பெயர் வேண்டாம்

பதில்: கட்டாயம். 2023இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்த சுமார் 46,700 பேரில் ஏறக்குறைய 27,300 பேர் தற்கொலை. பாதிக்கு மேல். அவர்களை விட்டுவிட்டு ஜெபித்தால் பெரும்பான்மையை விட்டுவிட்டோம் என்று பொருள். குடும்பத்தின் அனுமதி கேளுங்கள்; இறந்த விதத்தை விவரிக்காதீர்கள். அமெரிக்காவில் 988 என்ற எண்ணை அழைத்தால் எந்நேரமும் பேச ஆள் உண்டு. அதை ஆராதனைத் தாளின் அடியில் அச்சிடுங்கள்.

கேள்வி: ஜெபித்துவிட்டு வீட்டுக்குப் போவதோடு முடிந்துவிடுகிறதா?
– ஒரு வாசகர், சிகாகோ

பதில்: ‘குளிர்காய்ந்து பசியாறுங்கள்’ என்று வாயால் மட்டும் சொல்வதை யாக்கோபு எப்போதோ கண்டித்துவிட்டார். பிலடெல்பியா பகுதியில் சபைகள் ஒரு வேலை செய்கின்றன: சிலுவைபோல் நட்ட சட்டத்தில் டி-சர்ட் மாட்டி, அதில் இறந்தவரின் பெயர், வயது, இறந்த நாள் எழுதி ஆலயப் புல்வெளியில் வரிசையாக நிறுத்துகிறார்கள். கொஞ்ச நாள் கழித்து அவை வேறொரு சபையின் புல்வெளிக்குப் போகும்.

கொலராடோவில் மெனோனைட் (போரை மறுக்கும் கிறிஸ்தவப் பிரிவு) ஊழியர் ஒருவர் தொடங்கிய ரா டூல்ஸ் அமைப்பு, பட்டயத்தை மண்வெட்டியாக அடிப்பதை (ஏசாயா 2:4) எழுத்துப்படியே செய்கிறது. விரும்பித் தருபவர்களின் துப்பாக்கியை முதலில் அறுத்துப் பயனற்றதாக்குகிறார்கள். பிறகு குழலை உலையில் காய்ச்சி, தட்டித் தோட்டக் கருவி ஆக்குகிறார்கள். பிள்ளையை இழந்த தாய்மாரும் சுத்தியல் பிடித்து அடிப்பதுண்டு. உங்கள் சபைக்கு அழைப்பதானால், துப்பாக்கியை யாரும் ஆலயத்துக்குக் கொண்டுவர வேண்டாம் என்று அறிவியுங்கள். அறுத்த துண்டுதான் உலைக்கு வர வேண்டும். உலோகம் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும்போதே அடிக்க வேண்டும், கருஞ்சிவப்புக்கு இறங்கினால் விரிசல் விடும். அதனால் ஒரு சூட்டுக்குச் சில அடிதான் கிடைக்கும். வரிசையில் நிற்கும் அத்தனை பேருக்கும் முறை வர நேரம் பிடிக்கும். பாட்டை நீளமாகத் தேர்ந்து வைத்துக்கொள்ளுங்கள்.