90 கிளை திறந்தவர்களிடம் ஜூஸ் கடை ஃபிரான்சைஸ் எடுக்கலாமா?

கேள்வி: நானும் மனைவியும் 14 வருடச் சம்பளத்தில் சேர்த்த பணம் கையில் இருக்கிறது. ஜூஸ், ஸ்மூத்தி விற்கும் ஒரு செயின் நிறுவனத்தின் ஃபிரான்சைஸ், அதாவது அவர்கள் பெயரில் நாமே கடை நடத்தும் உரிமை, எடுக்கலாம் என்று யோசிக்கிறோம். மூன்றே வருடத்தில் 12 கடையிலிருந்து 90 கடையாக வளர்ந்திருக்கிறார்கள். இந்த மாதத்துக்குள் கையெழுத்துப் போட்டால் நுழைவுக் கட்டணத்தில் தள்ளுபடி உண்டாம். இவ்வளவு வேகமாக வளர்கிற நிறுவனத்தை நம்பலாம்தானே?

பதில்: உங்கள் கடிதத்தில் கடைகளின் எண்ணிக்கை இருக்கிறது, தள்ளுபடி இருக்கிறது. ஒரு கடைக்கு மாதம் எவ்வளவு மிஞ்சுகிறது என்பது மட்டும் இல்லை. அவர்கள் சொல்லவில்லையா, நீங்கள் கேட்கவில்லையா? எதுவானாலும் இப்போதைக்குப் பணம் கட்டாதீர்கள்.

கடைகள் பெருகுவதும் கடைக்காரர் சம்பாதிப்பதும் ஒன்றில்லை. தலைமை நிறுவனத்துக்கு வருமானம் வரும் வழிகளைப் பாருங்கள். கடை திறக்கும்போது நுழைவுக் கட்டணம். பிறகு அவர்கள் பெயரைப் பயன்படுத்துவதற்காக மாதாமாதம் கட்டும் ராயல்டி. இந்த ராயல்டி பெரும்பாலும் மொத்த விற்பனையில்தான் கணக்கிடப்படும், லாபத்தில் அல்ல. பழக்கூழ், கப், பொடி எல்லாவற்றையும் தங்களிடமே வாங்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தால் அதிலும் அவர்களுக்கு ஒரு பங்கு. ஆக, நீங்கள் நஷ்டத்தில் ஓட்டினாலும் அவர்களுக்குப் பணம் போய்க்கொண்டே இருக்கும்.

ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கல்லாவில் 100 விழுகிறது. பழம், பால், கப், மூடி, ஸ்ட்ரா எல்லாம் சேர்ந்து 32. சம்பளம் 28. வாடகை 15. மின்சாரம், பழுது, வரி, கார்டு கமிஷன் 12. மிச்சம் 13. அதில் ராயல்டி 6, பொது விளம்பரத்துக்கென்று தலைமை நிறுவனம் வாங்கும் நிதி 3 போனால் உங்கள் கையில் நிற்பது 4. இப்போது குளிரோ மழையோ வந்து விற்பனை 80 ஆகிறது என்று வையுங்கள். பழச் செலவு குறையும்; சம்பளம், வாடகை, மற்றச் செலவுகள் பெரிதாகக் குறையாது. அந்த மாதம் உங்களுக்குக் கிட்டத்தட்ட 8 கைநஷ்டம். தலைமை நிறுவனத்துக்கு அப்போதும் 7 போய்ச் சேர்ந்துவிடும். ஜூஸ் வியாபாரம் வெயிலை நம்பிய வியாபாரம், அதனால் இந்த 80 வருகிற மாதங்கள் வருடத்துக்கு எத்தனை என்பதுதான் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

பெரிய நிறுவனங்களின் கதையிலும் இது தெரியும். ஜம்பா ஜூஸ் 1990ல் கலிஃபோர்னியாவில் 'ஜூஸ் கிளப்' என்ற பெயரில் தொடங்கியது. 1995ல் பெயர் மாறியது, 1999ல் ஸூகா ஜூஸ் என்ற இன்னொரு செயினைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது, 2006ல் பங்குச் சந்தைக்கு வந்தது. அதன் பிறகு வந்த நெருக்கடியில் அது செய்தது என்ன தெரியுமா? தானே நடத்திவந்த கடைகளைக் கொத்துக்கொத்தாக ஃபிரான்சைஸ்காரர்களுக்கு விற்றது. சட்டப்படி அதில் தவறு எதுவும் இல்லை. வியாபார உலகில் சாதாரணமாக நடப்பதுதான். ஆனால் வாடகை, சம்பளம், அழுகும் பழம் என்கிற தலைவலி யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று கவனியுங்கள். 2018ல் அந்த நிறுவனமே ஃபோகஸ் பிராண்ட்ஸ் என்ற இன்னொரு நிறுவனத்தின் கைக்கு மாறியது.

ஃபிரான்சைஸ் எடுத்தவர்கள் எல்லோரும் நொடித்துப்போகிறார்கள் என்று நான் சொல்லவரவில்லை. 1973ல் லூசியானாவில் பிறந்த ஸ்மூத்தி கிங் நிறுவனத்தை 2012ல் விலைக்கு வாங்கியவர் வான் கிம். தென்கொரியாவில் அதே நிறுவனத்தின் ஃபிரான்சைஸ் எடுத்து நடத்தியவர் அவர். கவுண்டருக்குப் பின்னால் நின்று கணக்குத் தெரிந்துகொண்டவருக்கு இந்தத் தொழில் கைகொடுக்கும்.

அந்த 90க்கு வருவோம். திறந்தது எத்தனை, மூடியது எத்தனை, கைமாறியது எத்தனை என்று தனித்தனியாக எழுத்தில் கேளுங்கள். மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். முதலில் எடுத்தவர் நஷ்டப்பட்டு அடிமாட்டு விலைக்கு விற்றுவிட்டுப் போன கடையும் பட்டியலில் 'இயங்கும் கிளை' என்றே இருக்கும். தொடக்கத்திலிருந்த அந்த 12 கடைகளில் எத்தனை இன்னும் பழைய ஆட்களிடமே இருக்கின்றன? அவர்களில் யாராவது இரண்டாவது கடை எடுத்திருக்கிறார்களா? எடுத்திருந்தால் அது நல்ல அறிகுறி.

அமெரிக்காவில் இந்த விவரங்களைக் கேட்டு அலைய வேண்டியதில்லை. 1979 முதல் அமலில் இருக்கும் கூட்டாட்சி விதிப்படி, கையெழுத்துக்கோ பணத்துக்கோ குறைந்தது 14 நாள் முன்பே 23 தலைப்புகள் கொண்ட ஓர் ஆவணத்தைத் தந்தாக வேண்டும். அதன் 20வது தலைப்பில் கடந்த மூன்று ஆண்டுகளில் திறந்த, மூடிய, கைமாறிய கடைகளின் கணக்கு இருக்கும். அண்மையில் விலகியவர்களைத் தொடர்புகொள்ளும் விவரமும் இருக்கும். வருமானம் இவ்வளவு வரும் என்று சொல்வதானால் 19வது தலைப்பில் ஆதாரத்தோடு எழுத வேண்டும். ஆஸ்திரேலியாவிலும் 14 நாள் அவகாசம் உண்டு. உங்கள் நாட்டில் இப்படிச் சட்டம் இல்லாவிட்டாலும் இதே விவரங்களைக் கேட்க உங்களுக்குத் தடையில்லை. அங்கெல்லாம் யோசிக்கவே 14 நாள் கொடுக்கச் சொல்கிறது சட்டம். உங்களை மாதக் கடைசிக்குள் முடிக்கச் சொல்லி நெருக்குகிறார்கள். இது எனக்குச் சரியாகப் படவில்லை.

நடத்துகிறவர்களிடம் பேசுங்கள், விலகியவர்களிடம் கட்டாயம் பேசுங்கள். பிறகு ஒரு கடை எதிரே போய் உட்காருங்கள். சில வருடங்களுக்கு முன் ஒரு நண்பருக்காக நான் அப்படி 2 நாள் உட்கார்ந்தேன். சனிக்கிழமை மாலை வரிசை தெரு வரை நின்றது. செவ்வாய்க்கிழமை காலை 10 மணியிலிருந்து 1 மணி வரை போனது 11 கப். கவுண்டரில் இருந்த பையன் கழுவிக் கவிழ்த்த பிளெண்டர் ஜாடியையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தான். வெட்டி வைத்த பழம் ஒரு டப்பா நிறைய சாயங்காலம் குப்பைக்குப் போனதையும் பார்த்தேன். நண்பரிடம் அந்த நிறுவனம் காட்டியிருந்தது முழுக்கச் சனிக்கிழமைக் கணக்கு. அவர் எடுக்கவில்லை.

இன்னும் ஒன்று: எல்லை. உங்கள் கடையைச் சுற்றி எவ்வளவு தூரத்துக்கு அவர்கள் வேறு கிளை திறக்க மாட்டார்கள் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதா? வேகமாக வளரும் செயினில் 91வது கடை உங்கள் வாடிக்கையாளர்களையே பிரித்துக்கொண்டு போகலாம்.

கேள்வி: ஓடிக்கொண்டிருக்கும் ஒரு ஸ்மூத்தி கடையை அதன் ஃபிரான்சைஸ்காரர் விற்கிறார். புதிதாகத் திறப்பதைவிட இது பாதுகாப்பா?

பதில்: ஒரு விதத்தில் ஆமாம், ஏனென்றால் ஏட்டில் உண்மைக் கணக்கு இருக்கிறது. அவர் கணினியில் காட்டும் விற்பனை அறிக்கையை வைத்து முடிவெடுக்காதீர்கள். வரி கட்டிய கணக்கைக் கேளுங்கள். ஒப்பந்தத்தில் இன்னும் எத்தனை ஆண்டு பாக்கி, பெயர் மாற்றக் கட்டணம் எவ்வளவு, கடைவாடகை ஒப்பந்தம் எப்போது முடிகிறது, மாற்றும்போது கடையைப் புதுப்பித்தே ஆக வேண்டும் என்று நிபந்தனை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கடைசியாகச் சொன்ன நிபந்தனையில் மாட்டியவர்கள் நிறைய.

கேள்வி: செயின் கடையில் 'சர்க்கரை சேர்க்கவில்லை' என்று போட்டிருக்கும் பெரிய கப் ஸ்மூத்தியைப் பிள்ளைகளுக்குத் தினமும் வாங்கித் தரலாமா?

பதில்: தினமும் வேண்டாம். பலகையில் இருப்பது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. வெளியிலிருந்து சர்க்கரை போடாமல் இருக்கலாம். ஆனால் பழத்தைப் பிழிந்த பிறகு அந்தச் சாற்றில் இருக்கும் சர்க்கரையையும் உலகச் சுகாதார நிறுவனம் 2015ல் வெளியிட்ட வழிகாட்டுதல் கட்டுப்படுத்த வேண்டிய கணக்கில்தான் சேர்க்கிறது. ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்பிடும் பெரியவருக்கே அதன் வரம்பு 50 கிராம். 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது. 100 மில்லி ஆப்பிள் ஜூஸில் ஏறக்குறைய 10 கிராம் இருக்கும். அதையே அடியாக ஊற்றி அரைக்கும் பெரிய கப்பைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பிரிட்டனின் தேசியச் சுகாதாரச் சேவை (NHS) ஜூஸும் ஸ்மூத்தியும் சேர்த்து நாளைக்கு 150 மில்லி போதும் என்கிறது, அதாவது ஒரு சின்ன டம்ளர். ஆசைப்படும் நாளில் சின்னக் கப் வாங்கி, அடிக்கு ஜூஸுக்குப் பதில் பாலோ தண்ணீரோ ஊற்றச் சொல்லுங்கள். கேட்டால் பெரும்பாலான கடைகளில் செய்து கொடுப்பார்கள்.