கடலோரக் கொட்டகையில் மும்முனை ரம்ப மேசை: இணைப்பும் எர்த்தும்

தேவிப்பட்டினத்தை அடுத்த கடற்கரைக் கிராமத்திலிருந்து தச்சர் ஒருவர் கேட்கிறார்: "வள்ளம் பழுதுபார்க்கவும் கதவு, நிலை செய்யவும் 3 எச்.பி. மும்முனை மோட்டார் உள்ள பழைய ரம்ப மேசை ஒன்றை வாங்கியிருக்கிறேன். கொட்டகை மீட்டரிலிருந்து 30 மீட்டர் தள்ளி இருக்கிறது. வீட்டில் இருப்பதோ ஒருமுனை இணைப்பு. கெப்பாசிட்டர் வைத்து ஓட்டலாம், எர்த்துக்குப் பதிலாக நியூட்ரலை மேசையில் கட்டிவிடலாம் என்கிறார் வயர்மேன். செய்யலாமா?"

இரண்டுமே கூடாது. கெப்பாசிட்டர் வைத்தால் மோட்டார் சுற்றும் என்பது உண்மைதான். ஆனால் அதன் திறனில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் கிடைக்கும். மூன்று சுருள்களிலும் மின்னோட்டம் சமமாக ஓடாததால், கனமான வேங்கைப் பலகையைத் தள்ளும்போது ரம்பம் திணறும், சுருள் சூடேறிக் கருகும். நியூட்ரல் யோசனை அதைவிட மோசமானது. உப்புக் காற்றில் கம்பத்து இணைப்புகள் அரித்துத் தளர்வது நம் கரையில் புதிதல்ல. அங்கே நியூட்ரல் விட்டுப்போனால், போட்டிருக்கும் ஒரு விளக்கின் வழியாகவே 230 வோல்ட் திரும்பி வந்து, நீங்கள் கை வைத்திருக்கும் மேசை இரும்பில் நிற்கும்.

தொழில் கட்டணப் பிரிவில் மும்முனை இணைப்புக்கு மின்வாரியத்தில் விண்ணப்பிப்பதே என் முதல் பரிந்துரை. வீட்டு இணைப்பில் தொழில் இயந்திரத்தை ஓட்டுவது எப்படியும் விதிமீறல்தான். மேலும், இந்த மோட்டார் மும்முனையில் சுமார் 5 ஆம்பியர் மட்டுமே எடுக்கும். அதே வேலைக்கு ஒருமுனையில் 16 முதல் 20 ஆம்பியர் வரை தேவைப்படுவதால், 16 ஆம்பியர் பிளக்கில் செருகி ஓட்டும் எண்ணமே வேண்டாம்.

தொழில் இணைப்பே ஒருமுனையாகத்தான் கிடைக்கும் என்றால் வி.எஃப்.டி. (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவி) வைக்கலாம். அது 230 வோல்ட் ஒருமுனையை வாங்கி 230 வோல்ட் மும்முனையாகத் தரும்; ஆகவே 415 வோல்ட்டுக்கு ஸ்டார் முறையில் (மூன்று சுருள்களின் ஒரு நுனியை ஒன்றாகச் சேர்த்து) கட்டிய மோட்டாரை டெல்டாவாக (சுருள்களை முக்கோணமாக இணைத்து) மாற்ற வேண்டும். டெர்மினல் பெட்டியைத் திறந்து பாருங்கள்: சுருள்களின் ஆறு நுனிகளும் வெளியே இருந்தால் இணைப்புத் தகடுகளை மாற்றினால் போதும், மூன்றே இருந்தால் காயில் கட்டுபவர் மீதி மூன்றையும் வெளியே எடுத்துத் தர வேண்டும். 30 மீட்டர் தூரத்துக்கு மும்முனை என்றால் 2.5 சதுர மி.மீ. செம்புக் கேபிள் தாங்கும். ஒருமுனையில் வி.எஃப்.டி.க்குக் கொண்டுபோவதானால் 6 சதுர மி.மீ.க்குக் குறைய வேண்டாம்.

இனி எர்த். நம் மணலில் மேல் சில அடி காய்ந்தே கிடப்பதால், இரண்டடிக் கம்பியை அடித்துவிட்டு எர்த் போட்டாயிற்று என்பது கண்துடைப்பு. குறைந்தது 2.5 மீட்டர் நீளமுள்ள குழாய், கோடையிலும் ஈரம் வற்றாத மணல்வரை இறங்க வேண்டும். மற்ற ஊர்களில் குழியில் கரியும் உப்பும் கொட்டுவார்கள். நிலத்தடி நீரே உவர்ப்பாக உள்ள இடத்தில் மேலும் உப்புச் சேர்த்தால் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் விரைவாக அரித்துப்போகும். செம்பு பூசிய தண்டு கூடுதல் செலவுதான் என்றாலும் இங்கே அதுவே தகும். மும்முனை மோட்டாரின் உடலுக்குத் தனித்தனியாக இரண்டு எர்த் இணைப்புகள் கொடுப்பது விதி.

எர்த் நன்றாக இருந்தாலும் அது மட்டும் போதாது. எர்த் தடை 20 ஓம் என்று வைத்துக்கொண்டால், மேசையில் கசிவு ஏற்படும்போது சுமார் 11 ஆம்பியர்தான் ஓடும். 20 ஆம்பியர் எம்.சி.பி. (மின்னோட்டம் மிஞ்சினால் விழும் சுவிட்ச்) அதைக் கண்டுகொள்ளாது, மேசை மின்சாரத்தோடு நிற்கும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவை உணர்ந்து துண்டிக்கும் சுவிட்ச்) இருந்தால் அதே கசிவில் உடனே விழும். மும்முனைக்கு நான்கு துருவமுள்ளதை வாங்குங்கள்; வி.எஃப்.டி. வைத்தால் அதன் கையேடு குறிப்பிடும் வகையைத்தான் வாங்க வேண்டும். உப்பும் தூசும் உள்ளே இறுகுவதால், அதன் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறையாவது அழுத்திப் பாருங்கள். இந்த வேலைகளை உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரரிடம் ஒப்படைத்து, எர்த் தடையை அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

நேரடி மும்முனையில் சாதாரண சுவிட்ச் போடாமல், நோ-வோல்ட் காயிலும் (மின்சாரம் போனால் தானே அணைப்பது) ஓவர்லோடு ரிலேயும் (சுமை மிஞ்சினால் அணைப்பது) உள்ள டி.ஓ.எல். (நேரடி) ஸ்டார்ட்டரையே வையுங்கள். மின்சாரம் போய், நீங்கள் ரம்பத்துக்கு அருகே கை வைத்துத் தூளைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது திரும்பி வந்தால், பொத்தானை அழுத்தாமல் இயந்திரம் எழக் கூடாது. ரிலேயை மோட்டார் தகட்டில் உள்ள ஆம்பியருக்கே அமையுங்கள். ஒரு முனை போய்விட்டால் மோட்டாரைக் காப்பதும் பெரும்பாலும் அதுதான். வி.எஃப்.டி.க்கும் மோட்டாருக்கும் நடுவே மட்டும் ஸ்டார்ட்டர் வரக் கூடாது.

பழைய மோட்டார் என்பதால், மின்சாரம் கொடுக்குமுன் 500 வோல்ட் மெகரால் (காப்புத்தடை அளக்கும் கருவி) சுருளுக்கும் மோட்டார் உடலுக்கும் இடையிலான காப்புத்தடையைப் பாருங்கள். 1 மெகாஓமுக்குக் குறைந்தால் உலர்த்தி மறுபடி அளக்க வேண்டும். மரத்தூளோடு உப்பு சேர்ந்தால் இரவு ஈரத்தை உறிஞ்சிக் களிம்பாகிறது. கீழக்கரைப் பக்கம் கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்திலும், உங்கள் பக்கம் வாடை (வடகிழக்குக் காற்று) காலத்திலும் இது கூடும். ஆகவே மோட்டாரையும் ஸ்டார்ட்டரையும் வடகிழக்கு வாசலுக்கு நேரே வைக்காதீர்கள். மேசைத் தளம் துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெயைவிட மெழுகு நல்லது. எண்ணெய் பலகையில் கறையாகும்.

முதல் ஓட்டத்தின்போது பெல்ட்டைக் கழற்றிவிட்டு மோட்டாரை மட்டும் சுழற்றிப் பாருங்கள். அதே திசையில் ரம்பமும் சுழன்றால், மேசைக்கு மேலே தெரியும் பற்கள் உங்களை நோக்கி இறங்கிவர வேண்டும்; அதுதான் சரியான திசை. தலைகீழாகச் சுழன்றால், மெயினை அணைத்தபின் மூன்று முனைகளில் ஏதேனும் இரண்டை மாற்றிக் கட்டச் சொல்லுங்கள், திசை மாறிவிடும். புயலுக்குப் பின் கம்பத்தில் கம்பி மாற்றினார்கள் என்று தெரிந்தால், முனைகளின் வரிசை மாறியிருக்கக்கூடும். அன்றும் பெல்ட்டைக் கழற்றி ஒருமுறை திசை பார்த்த பிறகே பலகையை எடுங்கள்.