எஸ்ஏஆர் குறைந்த போன்தான் நல்ல போனா?

கேள்வி: புது மொபைல் வாங்கப் போகிறேன். ஒன்றின் எஸ்ஏஆர் 0.6, இன்னொன்று 1.2. முதல் போனில் கதிர்வீச்சு பாதிதான் என்று நம்பி வாங்கலாமா?

பதில்: அந்த ஒரு காரணத்துக்காக வாங்காதீர்கள். போனிலிருந்து வரும் ரேடியோ அலையில் எவ்வளவு ஆற்றலை உடல் உள்வாங்குகிறது என்பதுதான் எஸ்ஏஆர். ஒரு கிலோ திசுவுக்கு இத்தனை வாட் என்று சொல்வார்கள். அதை எப்படி அளக்கிறார்கள் தெரியுமா? மனிதத் தலை வடிவில் ஒரு அச்சு, அதற்குள் நம் திசுவைப் போலவே அலையை உறிஞ்சும் திரவம், காதுப் பக்கம் ஒட்டினாற்போல் போன். போனை முழுச் சக்தியில் இயங்க வைத்துவிட்டு, ஒரு இயந்திரக் கை மெல்லிய உணர்கருவியைத் திரவத்துக்குள் புள்ளி புள்ளியாக நகர்த்திக்கொண்டே போகும். பல அலைவரிசைகளிலும் இப்படிப் பார்த்து, எது அதிகமோ அந்த எண்ணைத்தான் வெளியிடுகிறார்கள்.

நீங்கள் பேசும்போது போன் முழுச் சக்தியில் இயங்குவது குறைவு. டவர் நன்றாகக் கிடைத்தால் தன் சக்தியைத் தானே பல மடங்கு குறைத்துக்கொள்ளும். சிக்னல் இல்லாத லிஃப்டிலோ தரைக்கடியில் உள்ள பார்க்கிங்கிலோ கூட்டிக்கொள்ளும். அதனால் நல்ல சிக்னலில் பேசப்படும் 1.2 போன், மோசமான சிக்னலில் திணறும் 0.6 போனைவிடக் குறைவாகவே உங்கள் தலைக்குள் அலையை அனுப்பலாம். இன்னொன்று, அமெரிக்காவில் உச்சவரம்பு 1.6, அதை 1 கிராம் திசுவில் சராசரி எடுக்கிறார்கள். ஐரோப்பாவில் 2, அங்கே 10 கிராமில். இரண்டு முறையில் எடுத்த எண்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் அர்த்தமே இல்லை.

கேள்வி: வரம்புக்குக் கொஞ்சம் கீழே இருந்தால் ஆபத்தின் விளிம்பில் இருக்கிறோம் என்றுதானே பொருள்?

பதில்: இல்லை. உடல் முழுவதும் கிலோவுக்கு 4 வாட் வீதம் உள்வாங்கினால் உள்வெப்பம் சுமார் 1 டிகிரி கூடும் என்பதுதான் இந்தக் கணக்கின் தொடக்கம். அதில் ஐம்பதில் ஒரு பங்கைத்தான், அதாவது 0.08 வாட்டைத்தான், பொதுமக்களுக்கு முழு உடல் வரம்பாக வைத்தார்கள். தலை போன்ற ஓர் இடத்துக்கு மட்டுமான வரம்பு தனி. அதிலும் இடைவெளி விட்டே வைத்திருக்கிறார்கள்.

கேள்வி: மொபைல் புற்றுநோய் தரலாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொன்னதாமே?

பதில்: அதன் புற்றுநோய் ஆய்வு முகமை 2011-இல் ரேடியோ அலைகளை 2பி பிரிவில், 'வாய்ப்பு இருக்கலாம்' என்ற வகையில் சேர்த்தது உண்மை. ஆனால் அந்தப் பிரிவு சான்று எவ்வளவு வலுவானது என்பதைச் சொல்கிறது, ஆபத்து எவ்வளவு பெரியது என்பதை அல்ல. உலக சுகாதார நிறுவனம் கேட்டுச் செய்யப்பட்டு 2024-இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு, மொபைல் பயன்பாட்டுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு தென்படவில்லை என்றது. எக்ஸ்ரே மாதிரி மரபணுவின் பிணைப்பை உடைக்கும் ஆற்றல் இந்த அலைக்குக் கிடையாது. எனக்கு இது பெரிய ஆறுதல். அதையும் மீறிப் பயமாக இருந்தால் ஹெட்செட்டிலோ ஸ்பீக்கரிலோ பேசுங்கள், சில சென்டிமீட்டர் தள்ளிப்போனாலே அளவு மளமளவென்று இறங்கிவிடும்.

கேள்வி: வரம்பை யாராவது சோதிக்கிறார்களா, இல்லை கம்பெனி சொல்வதுதானா?

பதில்: சோதிக்கிறார்கள். 2023-இல் பிரான்ஸின் அலைவரிசை முகமை ஐபோன் 12-ஐச் சோதித்தபோது, கையில் பிடிக்கும் நிலையில் 5.74 வந்தது, அங்கே கை கால்களுக்கான வரம்பு 4. விற்பனையை நிறுத்தச் சொன்னார்கள், ஆப்பிள் மென்பொருளை மாற்றிக் கொடுத்தது.

கேள்வி: போனுக்குப் பின்னால் ஒட்டும் கதிர்வீச்சுத் தடுப்பு ஸ்டிக்கர் வேலை செய்யுமா?

பதில்: காசைக் கரியாக்காதீர்கள். அது நிஜமாகவே அலையை மறித்தால் போனுக்கு டவர் சரியாகக் கிடைக்காது, உடனே சக்தியைக் கூட்டும். ஏற்கெனவே ஒட்டியிருந்தால் உரித்துவிடுங்கள்.